புதுப்பிப்புக் காலத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகம்: ஆக்ஸ்போர்டின் போட்லியன்

போட்லியன் நூலகம் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் முதன்மை ஆய்வு நூலகம் ஆகும். ஐரோப்பாவின் மிகப் பழைய நூலகங்களுள் இதுவும் ஒன்று. இதன் மிகப் பெரிய நூல் களஞ்சியமாக விளங்கிய 'புதிய போட்லியன்' கட்டடம் புதுப்பிப்புப் பணிக்காக 2011 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. உட்பகுதி முழுவதும் மாற்றியமைக்கப்பட்டு, 'வெஸ்டன் நூலகம்' என்ற புதிய பெயருடன் 2015 மார்ச் 21 அன்று அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கட்டடம் மட்டுமே மூடியிருந்தது. நூலகத்தின் சேவை நிற்கவில்லை.

ஒரு நூலகத்தில் கட்டட வேலை நடக்கும்போது வாசகர்கள் பொதுவாகக் கேட்பவை மூன்று கேள்விகள். நூல்கள் எங்கே போயின? எங்கே உட்கார்ந்து படிப்பது? கேட்ட நூல் எப்போது கிடைக்கும்? இம்மூன்றுக்கும் போட்லியன் எவ்வாறு விடை கண்டது என்பதையும், அக்காலத்தில் அதன் வாசிப்பிடங்களும் சேவைகளும் எவ்வாறு அமைந்திருந்தன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி: ஒருமுறை அழிந்த நூலகம்

போட்லியனின் வரலாற்றை அறிந்தால்தான் இந்தப் புதுப்பிப்பில் காட்டப்பட்ட கவனம் புரியும். 15ஆம் நூற்றாண்டில் ஹம்ஃப்ரி கோமகன் 280-க்கும் மேற்பட்ட கையெழுத்து நூல்களை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். அவற்றை வைப்பதற்காகக் கட்டப்பட்ட மாடி அறை 1488இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த அறை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

1550இல் நிலைமை மாறியது. சமயச் சீர்திருத்தக் காலத்தில், பழைய சமயச் சார்புடையவை என்று கருதப்பட்ட நூல்கள் அந்த அறையிலிருந்து அகற்றப்பட்டன. பல அழிக்கப்பட்டன, பல சிதறிப்போயின. 1556இல் நூல்களைத் தாங்கிய மேசைகளும் விற்கப்பட்டன. சுவரும் கூரையும் அப்படியே நின்றன, ஆனால் பல்கலைக்கழகத்திற்கு நூலகம் இல்லாமல் போயிற்று. ஹம்ஃப்ரி வழங்கிய நூல்களில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1598இல், சர் தாமஸ் போட்லி என்ற ஓய்வுபெற்ற அரசத் தூதர் அந்த அறையைத் தம் செலவில் மீட்டமைக்க முன்வந்தார். 1602 நவம்பர் 8 அன்று நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் முதல் நூலகரான தாமஸ் ஜேம்ஸ் தொகுத்த நூற்பட்டியல் 1605இல் அச்சாகி வெளிவந்தது. 1610இல் லண்டன் அச்சக, நூல் வணிகர் சங்கத்துடன் போட்லி ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அச்சங்கத்தில் பதிவாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியை நூலகத்திற்கு அளிக்க வேண்டும் என்பதே அந்த உடன்பாடு. பின்னாளில் இது சட்டமாகியது. பிரித்தானியாவில் வெளியாகும் நூல்களைக் கேட்டுப் பெறும் உரிமை கொண்ட நூலகங்களுள் ஒன்றாகப் போட்லியன் இன்றும் உள்ளது.

இந்நூலகத்தின் மற்றொரு மரபு, நூல்களை வெளியே எடுத்துச் செல்ல விடுவதில்லை என்பதாகும். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்த மன்னர் முதலாம் சார்லஸ் 1645இல் ஒரு நூலைக் கேட்டனுப்பியபோது, விதியைக் காட்டி நூலகர் மறுத்துவிட்டார். நூல் நூலகத்தை விட்டு நகரக் கூடாது என்று இவ்வளவு உறுதியாக இருந்த நிறுவனமே, பிற்காலத்தில் பல இலட்சம் நூல்களை ஊரை விட்டே அனுப்ப வேண்டியிருந்தது.

புதிய போட்லியன் கட்டடம்

ஆண்டுதோறும் வந்து சேரும் நூல்களால் இடநெருக்கடி போட்லியனின் நிரந்தரச் சிக்கலாயிற்று. 1909–1912 காலத்தில், பழைய நூலகத்திற்கும் ராட்கிளிஃப் கேமரா எனும் வட்ட வடிவக் கட்டடத்திற்கும் இடையே மண்ணுக்கடியில் ஒரு நூல் களஞ்சியம் அமைக்கப்பட்டது. ('கேமரா' என்பது இங்கே அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல்.) அதுவும் போதாமற்போகவே, பிராட் தெருவின் மறுபுறம் புதிய கட்டடம் எழுப்ப முடிவாயிற்று.

சர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் அதை வடிவமைத்தார். பிரித்தானியத் தெருக்களின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்தவரும் அவரே. 1937 முதல் 1940 வரை கட்டுமானம் நடந்தது. செலவின் பெரும்பகுதியை அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஏற்றது. நடுவில் 11 தளங்கள் கொண்ட நூல் களஞ்சியம் அமைந்தது. அவற்றில் மூன்று தளங்கள் நிலத்தடியில் இருந்தன. களஞ்சியத்தைச் சுற்றிலும் வாசிப்பறைகளும் அலுவலறைகளும் இருந்தன. ஏறத்தாழ 50 இலட்சம் நூல்களை அடக்கும் அளவுக்கு அது திட்டமிடப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது இக்கட்டடம் போர்க்காலப் பணிகளுக்குப் பயன்பட்டது. எனவே முறையான திறப்புவிழா 1946இல்தான் நடந்தது. விழாவில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் கதவைத் திறக்க முயன்றபோது, அதற்கெனச் செய்யப்பட்ட சாவி பூட்டிலேயே உடைந்துபோனது இன்றும் நினைவுகூரப்படுகிறது.

பிராட் தெருவுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை இரு கட்டடங்களையும் இணைத்தது. அதில் நூல்களைச் சுமந்து செல்லும் கன்வேயர் பட்டை ஓடியது. வாசகர் எழுதித் தரும் கோரிக்கைச் சீட்டுகள் காற்றழுத்தக் குழாய் வழியே களஞ்சியத்திற்குச் சென்றன. சீட்டைக் கண்ட பணியாளர் நூலைத் தேடி எடுத்துக் கன்வேயரில் அனுப்புவார். 2002இல் கணினி வழிக் கோரிக்கை முறை வந்த பின் குழாயின் பயன்பாடு குறைந்தது.

இந்தக் கட்டடத்திற்கு இந்தியாவோடும் ஒரு தொடர்பு உண்டு. சமற்கிருதப் பேராசிரியர் மோனியர் வில்லியம்ஸ் இந்தியாவிலும் இங்கிலாந்திலும் நன்கொடை திரட்டி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிராட் தெருவின் முனையில் இந்திய நிறுவனத்தை உருவாக்கினார். அதன் நூலகம் 1968இல் புதிய போட்லியனின் கூரைமேல் கட்டப்பட்ட கூடுதல் தளத்திற்கு மாற்றப்பட்டது. புதுப்பிப்பு தொடங்கியபோது இந்தியவியல் மாணவர்களும் இடம்பெயர நேர்ந்தது இதனால்தான்.

புதுப்பிப்பு ஏன் தேவைப்பட்டது

கட்டடம் உறுதியாகவே இருந்தது. ஆனால் நூல்களைப் பாதுகாப்பதற்கு 1930களில் போதுமானதாகத் தோன்றிய ஏற்பாடுகள் பின்னர் போதவில்லை. முக்கியக் காரணங்கள் வருமாறு:

- தீ ஆபத்து: களஞ்சியத்தின் தளங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருந்தன. ஒரு தளத்தில் பற்றும் தீ மேலே பரவும் வாய்ப்பு இருந்தது.
- வெப்பமும் ஈரப்பதமும்: தாளும் தோலும் நீடித்திருக்க இவை இரண்டும் ஏறி இறங்காமல் சீராக இருக்க வேண்டும். பழைய அமைப்பில் அது இயலவில்லை.
- இடமின்மை: நூலகத்திற்கு ஒவ்வோர் ஆண்டும் சில கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய அலமாரி தேவைப்பட்டது. உபரி நூல்கள் செஷயர் மாவட்டத்தின் உப்புச் சுரங்கம் உட்பட வெளியிடங்களில் வைக்கப்பட்டிருந்தன.
- மூடிய தோற்றம்: தெருவில் செல்பவர் உள்ளே நுழைந்து பார்க்க வழியில்லை. நூலகத்தின் அரிய செல்வங்கள் ஆய்வாளர் அல்லாதார் கண்ணில் படவில்லை.

முதற்காரணமே தலையாயது. ஒரே ஒரு படி மட்டுமே உள்ள கையெழுத்து நூல் எரிந்துபோனால், எவ்வளவு பணம் கொடுத்தாலும் மீண்டும் வாங்க முடியாது.

முதற்படி: நூல்களின் இடமாற்றம்

நூல்களை வெளியேற்றாமல் கட்டடத்தில் கை வைக்க முடியாது. அவற்றுக்கு வேறு வீடு தேட வேண்டும். ஆக்ஸ்போர்டின் ஆஸ்னி மீட் பகுதியில் ஒரு களஞ்சியம் கட்டும் திட்டத்திற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்விண்டன் நகரின் புறத்தே நூல் களஞ்சியம் கட்டப்பட்டு, 2010 அக்டோபரில் திறக்கப்பட்டது. இதற்கு 2 கோடியே 60 இலட்சம் பவுண்டு செலவாயிற்று. இதன் அலமாரிகளின் மொத்த நீளம் 153 மைல், அதாவது ஏறத்தாழ 246 கி.மீ. ஆகும். சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் கடந்து செல்லும் அளவுக்கு இது நீளும்.

60 இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும், சுமார் 12 இலட்சம் நிலப்படங்களும் பல இடங்களிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டன. ஏற்றி இறக்குவதைவிடக் கடினமாக இருந்தது, எது எங்கே இருக்கிறது என்பதைத் தவறாமல் பதிவு செய்வது. நூலின் இருப்பிடம் பதிவில் தவறினால் அது தொலைந்ததற்குச் சமம். களஞ்சியத்தின் ஏதோ ஒரு மூலையில் அது இருந்தாலும் யாராலும் எடுத்துப் படிக்க முடியாது.

இதற்குப் பின்பற்றிய முறை பின்வருமாறு:

1. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பார்கோடு ஒட்டப்பட்டு, நூற்பட்டியலிலுள்ள பதிவோடு இணைக்கப்படும்.
2. நூல்கள் பாடவாரியாக அல்லாமல் அளவுவாரியாகப் பிரிக்கப்படும். ஒரே உயரமுள்ளவை ஒரே தட்டில் அடுக்கப்படும். இதனால் அலமாரியில் வீணாகும் இடம் குறையும்.
3. தட்டுக்கும் ஒரு பார்கோடு, தட்டு வைக்கப்படும் அலமாரிக்கும் ஒரு பார்கோடு உண்டு. மூன்றும் கணினியில் இணைக்கப்படும்.
4. நூல் தேவைப்படும்போது கணினி தட்டின் இடத்தைக் காட்டும். பணியாளர் தூக்கு வண்டியில் உயர்ந்து சென்று எடுத்து வருவார்.

இங்கே வேதியியல் நூலுக்குப் பக்கத்தில் சமையல் நூல் இருக்கலாம். மனிதர் நடந்து சென்று தேடும் நூலகத்திற்கு இம்முறை ஒத்துவராது. பதிவை நம்பி இயங்கும் களஞ்சியத்திற்கோ இதுவே சிக்கனமானது. 2010 ஆகஸ்டில் பிராட் தெருவுக்கு அடியிலிருந்த கன்வேயர் நிறுத்தப்பட்டது. அதன் பணியைச் சாலையில் ஓடும் வண்டிகள் ஏற்றன.

புதுப்பிப்புக் காலத்தில் நூலகத்தைச் சுற்றி வந்தால்

2011க்கும் 2014க்கும் இடையில் ஒரு மாணவர் போட்லியனுக்கு வந்திருந்தால், பிராட் தெருவில் வேலித் தடுப்புகளையும் பாரந்தூக்கிகளையும் கண்டிருப்பார். தெருவின் தெற்கே உள்ள கட்டடங்களில் வாசிப்பு வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது.

*பழைய போட்லியன்.* முற்றத்தைச் சூழ்ந்த இக்கட்டடத்தின் வாசிப்பறைகள் திறந்தே இருந்தன. தீ மூட்டுவதில்லை, நூல்களுக்குச் சேதம் செய்வதில்லை என்று வாசகர் உறுதிமொழி தந்த பின்னரே இங்கு இடம் பெறுவார். இந்த மரபு இன்றும் தொடர்கிறது.

*ராட்கிளிஃப் கேமரா.* ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1749இல் திறக்கப்பட்ட இது, 19ஆம் நூற்றாண்டிலிருந்து போட்லியனின் வாசிப்பறையாக உள்ளது. பட்டப்படிப்பு மாணவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் இடம் இது.

*கிளாட்ஸ்டன் இணைப்பு.* 1912ஆம் ஆண்டின் நிலத்தடிக் களஞ்சியம் அதுவரை பணியாளர் மட்டுமே நுழையக்கூடிய இடமாக இருந்தது. நூல்கள் ஸ்விண்டனுக்குச் சென்றதால் காலியான அந்த இடம் சீரமைக்கப்பட்டு, 2011 ஜூலையில் வாசகர்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் வாசகர் தாமே எடுத்துப் பார்க்கும்படி இங்கே வைக்கப்பட்டன. இடத்தை மிச்சப்படுத்தும் அலமாரி அமைப்பில் ஆர்வம் காட்டிய பிரித்தானியப் பிரதமர் கிளாட்ஸ்டனின் பெயர் இதற்கு இடப்பட்டது. ஒரு பெரிய கட்டடம் மூடிய அதே மாதத்தில் வேறோர் இடம் திறந்தது தற்செயல் அன்று. வாசகருக்கு மாற்று இடம் ஆயத்தமான பிறகே பழைய இடம் மூடப்பட்டது.

*ராட்கிளிஃப் அறிவியல் நூலகம்.* கையெழுத்து நூல்கள், அரிய நூல்கள் ஆகியவற்றுக்கான தற்காலிக வாசிப்பறை, பார்க்ஸ் சாலையிலுள்ள இந்த நூலகத்தின் கீழ்த்தளத்தில் அமைந்தது. இடைக்காலச் சுவடிகளை ஆராய்பவரும் இயற்பியல் மாணவரும் ஒரே வாயிலில் நுழைந்தனர்.

ஒரு நூல் வாசகரை வந்தடையும் வழி

புதுப்பிப்புக் காலத்தில் உருவான சேவை முறை இன்றளவும் பெரும்பாலும் தொடர்கிறது. வாசகர் முதலில் இணையவழி நூற்பட்டியலில் நூலைத் தேடுகிறார். நூல் எங்கே உள்ளது என்பதை அப்பதிவு காட்டும். களஞ்சியத்தில் இருந்தால், எந்த வாசிப்பறைக்கு வர வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்துக் கோரிக்கை அனுப்புகிறார். ஸ்விண்டனில் நூல் எடுக்கப்பட்டு, பார்கோடு சரிபார்க்கப்பட்டு, வண்டியில் ஏற்றப்படுகிறது. வாசிப்பறையை அடைந்ததும் வாசகருக்கு மின்னஞ்சல் போகிறது. படித்து முடித்த பின் நூல் அதே வழியில் களஞ்சியத்திற்குத் திரும்புகிறது.

முழு நூலும் தேவைப்படாத வாசகருக்கு மற்றொரு வழியும் உண்டு. ஓர் இயலையோ கட்டுரையையோ, பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள், களஞ்சியத்திலேயே மின்வருடி எடுத்து அனுப்புகிறார்கள். நூல் நகர வேண்டியதில்லை.

இம்முறையில் குறையும் உண்டு. தெருவுக்கு அப்பாலிருந்து சில மணி நேரத்தில் வந்த நூல் இப்போது 45 கி.மீ. பயணம் செய்து வர வேண்டும். அடிக்குறிப்பில் கண்ட நூலை அப்போதே புரட்டிப் பார்க்க நினைப்பவர் காத்திருக்கத்தான் வேண்டும். ஓரிரு நாள் மட்டும் ஆக்ஸ்போர்டில் தங்க வரும் வெளியூர் ஆய்வாளர், முன்கூட்டியே கோரிக்கை அனுப்பாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். நூலின் பாதுகாப்புக்காக வாசகர் தரும் விலை இது.

வெஸ்டன் நூலகம்

வில்கின்சன் அயர் நிறுவனத்தின் வடிவமைப்பில் புதுப்பிப்பு நடந்தது. மொத்தச் செலவு சுமார் 8 கோடி பவுண்டு. இதில் இரண்டரைக் கோடியை கார்ஃபீல்ட் வெஸ்டன் அறக்கட்டளை வழங்கியது. நூலகத்தின் புதிய பெயரும் அதிலிருந்தே வந்தது. கட்டடம் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாக இருந்ததால் வெளிச்சுவர்களும் முக்கிய அறைகளும் காக்கப்பட்டன. நடுவிலிருந்த களஞ்சியம் அகற்றப்பட்டது.

இப்போது அங்குள்ள முக்கியப் பகுதிகள்:

- பிளாக்வெல் கூடம்: பிராட் தெருவிலிருந்து எவரும் நேரே நுழையக்கூடிய உயர்ந்த கூடம். முன்பு களஞ்சியம் இருந்த இடத்தில் அமைந்தது.
- கண்காட்சிக் கூடங்கள்: நூலகத்தின் அரிய நூல்களும் நிலப்படங்களும் மாறிமாறிக் காட்சிக்கு வைக்கப்படுகின்றன.
- வாசிப்பறைகள்: அரிய நூல், கையெழுத்து நூல், இசை, நிலப்படம் முதலியவற்றை ஆராய்வோருக்கானவை.
- பாதுகாப்புப் பணிமனை: சிதைந்த தாளையும் கட்டுமானத்தையும் செப்பனிடும் வல்லுநர்களின் இடம்.
- நிலத்தடிக் களஞ்சியம்: வெப்பம், ஈரப்பதம், தீத்தடுப்பு ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட தளங்கள். மிக அரியவை இங்கேயே உள்ளன.

2014 இலையுதிர் காலத்தில் ஆய்வாளர்கள் இங்கே படிக்கத் தொடங்கினர். பொதுமக்கள் 2015 மார்ச்சில் நுழைந்தனர். 2016இல் இக்கட்டடம் பிரித்தானியக் கட்டடக்கலையின் உயரிய விருதான ஸ்டர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

இரு காலங்களின் ஒப்பீடு

1550இல் கட்டடம் நின்றது, நூலகம் அழிந்தது. 2011இல் கட்டடம் மூடியது, நூலகம் நிலைத்தது. இரண்டிலும் நூல்கள் வெளியேறின. முன்னதில் எந்த நூல் எங்கே போயிற்று என்பதற்குக் கணக்கு இல்லை, அவற்றைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணமும் இல்லை. பின்னதில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பதிவும், அதைக் கேட்பவருக்கு ஒரு வழியும் இருந்தன. நூலகம் என்பது நூல், அதன் பதிவு, வாசகர் என்ற மூன்றின் இணைப்பு. கட்டடம் அந்த இணைப்புக்கு நிழல் தருகிறது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

தம் கல்லூரி அல்லது பல்கலைக்கழக நூலகத்தில் கட்டட வேலை நடக்கும்போது, மாணவர்கள் பின்வருவனவற்றைக் கேட்டறிந்துகொள்வது நல்லது.

1. மூடப்படும் பகுதி எது, எந்த நாள் வரை? அறிவிப்புப் பலகையையும் இணையப் பக்கத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.
2. தேவையான நூல்கள் வேறிடத்தில் உள்ளனவா? ஆம் எனில், கோரிக்கை கொடுத்து எத்தனை நாளில் கிடைக்கும்? தேர்வுக்கும் ஆய்வேட்டுக்கும் அந்த நாட்களைச் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.
3. அமைதியாகப் படிக்க மாற்று இடம் எது? இரைச்சல் மிகுந்த நேரம் எது?
4. மின்னூல், மின்வருடிய பக்கங்கள் போன்ற சேவைகள் உண்டா?
5. பழைய பருவ இதழ்கள், ஆய்வேடுகள், சுவடிகள் எங்கே வைக்கப்பட்டுள்ளன? இடமாற்றத்தில் எளிதில் மறக்கப்படுபவை இவையே.

ஐந்தாவது கேள்வியை மாணவர் ஒருவர் கேட்டாலே போதும், ஒரு மூட்டை இதழ்கள் காப்பாற்றப்படலாம். கேட்பவர் இருக்கிறார் என்று தெரியும் நூலைத்தான் நூலகப் பணியாளர் முதலில் தேடி எடுத்து வைப்பார்.